மூன்று பேர், ஒரு ஜிம்னி, இரண்டு இரவு: எதைப் பொருத்துவது, எதை விடுவது?

சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. மூன்று கதவு சுசுகி ஜிம்னி, ஆட்டோ கியர், பழைய வண்டியாக வாங்கியிருக்கிறார். அவர், மனைவி, ஏழு வயது மகள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மலேசியாவின் மெர்சிங் கடற்கரை, வருடத்தில் ஒருமுறையாவது அங்கேயே எண்டாவ் ரொம்பின் காடு, இரண்டு இரவு முகாம் போடவேண்டும், இதுதான் ஆசை. வாரநாளில் அதே வண்டியில்தான் வேலைக்குப் போகவேண்டும். கடையில் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்: கூரைக் கம்பிச் சட்டம், கூரைக் கூடாரம், பக்கவாட்டுப் பந்தல், பின்பக்க இழுப்பறைகள், இரண்டாவது பேட்டரி, புல் பார் எனும் முன்பக்க இரும்புத் தடுப்பு, விளக்குப் பட்டை. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்.

தம்பி, அந்தப் பட்டியலைக் கொஞ்ச நாள் மடித்து வையுங்கள். முதலில் ஒரு கூட்டல் கணக்குப் போடுவோம்.

உங்கள் வண்டியின் வெற்று எடை சுமார் 1,100 கிலோ. ஆளும் பொருளும் ஏறியபின் அது தாண்டக்கூடாத மொத்த எடை 1,435 கிலோ. நடுவில் கிடைப்பது ஏறத்தாழ 330 கிலோ, அவ்வளவுதான். நீங்கள் 70, மனைவி 60, பிள்ளை 22 என்று வைத்தால் 152 போய்விட்டது. இப்போது கடைப் பட்டியல். கூடாரம் 55, கம்பிச் சட்டம் 20, பந்தல் 12, மரமோ இரும்போ இழுப்பறை 35, ஈய அமில பேட்டரி 25, புல் பார் 30, விளக்கு 4. ஒவ்வொரு கடைச் சரக்கும் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனால் கூட்டினால் 180 பக்கம் வரும். 152 உடன் சேர்த்தால் 330 தாண்டிவிட்டது. இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏற்றவில்லை, அரிசி இல்லை, ஒரு போர்வை இல்லை.

எடை வரம்பைத் தாண்டிய வண்டி மெதுவாகத்தான் நிற்கும். வளைவில் சாயும், மேடு பள்ளத்தில் சஸ்பென்ஷன் அடியில் இடிக்கும். ஏதாவது நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான். ஜிம்னி நல்ல வண்டி, ஏணிச்சட்ட அடித்தளம், லோ ரேஞ்ச் கியர், 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி. பெரிய வண்டிகள் திணறும் இடத்தில் அது சுலபமாகப் போவதற்குக் காரணமே அதன் எடை குறைவுதான். அதைக் கனமாக்கினால், எதற்காக அந்த வண்டியை வாங்கினீர்களோ அது போய்விடும்.

கூரைக் கூடாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் மனத்தில் அதுதான் முதலிடத்தில் இருக்கும் என்று தெரியும். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜிம்னியின் கூரை, வண்டி ஓடும்போது தாங்க அனுமதித்திருக்கும் சுமை 30 கிலோ. அதில் கம்பிச் சட்டத்தின் எடையும் சேர்த்தி. நிறுத்திவைத்த வண்டியின் கூரை அதைவிட அதிகம் தாங்கும், அதனால்தான் கடைக்காரர் "ரெண்டு பேர் தாராளமா படுக்கலாம்" என்கிறார். படுப்பது பிரச்சினை இல்லை. அந்த 55 கிலோவை வண்டியின் உச்சியில் வைத்துக்கொண்டு செம்மண் பாதையில் குலுங்கிக்கொண்டு போவதுதான் பிரச்சினை. உயரமான, குறுகிய வண்டி அது. இன்னொரு விஷயம், உங்கள் புளோக்கின் பலமாடிக் கார் நிறுத்துமிடம். ஜிம்னியின் உயரம் 1.72 மீட்டர். அதன்மேல் சட்டமும் மடித்த கூடாரமும் சேர்ந்தால் சுலபமாக 2.1 தாண்டும். நுழைவாயிலில் தொங்கும் மஞ்சள் கட்டையில் எழுதியிருக்கும் எண்ணைப் போய்ப் பாருங்கள். வீட்டிலிருக்கும் நிறுத்துமிடம் மட்டும் போதாது, அலுவலகம், கடைத்தொகுதி, பிள்ளையின் டியூஷன் எல்லா இடத்திலும் அந்தக் கட்டை இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தின இரவு நான்கு பேரைக் கூப்பிட்டுக் கூடாரத்தை ஏற்றுவார், வந்ததும் இறக்குவார். ஆறு மாதத்தில் விற்றுவிட்டார்.

புல் பாரும் விளக்குப் பட்டையும் இன்னும் சீக்கிரம் முடிகிற விஷயம். நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, அனுமதி வாங்கிச் செய்யவேண்டியவை, செய்யவே கூடாதவை. அவர்களுடைய இணையத்தளத்தில் பட்டியல் இருக்கிறது. எதற்கும் காசு கொடுப்பதற்கு முன் அதில் தேடுங்கள். "எல்லாரும் போட்டிருக்காங்க" என்ற பதிலைக் கடையில் ஏற்றுக்கொள்ளாதீர்கள், சோதனையில் தோற்றால் கழற்றி மாட்டும் செலவு உங்களுடையது. செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் உங்கள் பொறுப்பு. கூடுதல் பளீர் விளக்கு உங்களுக்குத் தேவையே இல்லை. இரவில் அந்தப் பக்கம் வண்டி ஓட்டாதீர்கள். குளுவாங்கிலிருந்து கஹாங் வழியாக மெர்சிங் போகும் சாலையில் காட்டு யானைகள் குறுக்கே வரும். எச்சரிக்கைப் பலகை சும்மா வைத்ததல்ல. மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர்கிற மாதிரி கிளம்புங்கள்.

சரி, அப்படியானால் என்ன செய்வது?

என் யோசனை ஒன்றுதான். ஜிம்னியைப் படுக்கையறையாக நினைக்காதீர்கள், சமையலறையாகவும் சாமான் அறையாகவும் நினையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்குள் எல்லாவற்றையும் லிஃப்டில் மேலே கொண்டுபோக முடியவேண்டும். திங்கட்கிழமை காலை அது வெறும் கார். எதையும் துளை போட்டுப் பொருத்தவேண்டாம். பத்து வருட வாகன உரிமைச் சான்றிதழில் ஓடுகிற வண்டி, நாளைக்கு விற்கும்போதும் பெட்டிகள் உங்களோடு அடுத்த வண்டிக்கு வரும்.

படுக்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். முகாம் வசதியாக இருந்ததா இல்லையா என்பது இரவு தூக்கத்தில்தான் தெரியும். பகலில் எதையும் சமாளித்துவிடலாம். ஜிம்னியின் முன் இருக்கைகளைத் தலைப்பலகை கழற்றிச் சாய்த்தால் பின் இருக்கையோடு சேர்ந்து ஒரு மாதிரி சமமாக வரும். ஒருவர் படுக்கலாம், இரண்டு பேர் நெருக்கி. மூன்று பேர் முடியாது. அதனால் தரைக் கூடாரம், நான்கு பேருக்கு என்று போட்டிருப்பது மூன்று பேருக்குச் சரியாக இருக்கும். ஐந்தாறு கிலோ. வாங்கும்போது கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி தண்ணீர் புகுமா என்பதல்ல, உள்கூடாரத்தில் எவ்வளவு வலை இருக்கிறது என்பது. நம் பக்கத்துத் தாழ்நிலத்தில் நள்ளிரவிலும் 25 டிகிரி இருக்கும், காற்று ஈரத்தில் கனத்திருக்கும். குளிர்நாட்டுக்குத் தைத்த கூடாரத்தில் வலை கைக்குட்டை அளவு இருக்கும். அதில் படுத்தால் விடியும்போது உட்சுவரெல்லாம் வேர்த்திருக்கும், நீங்களும்தான். இரண்டு பக்கமும் முழு வலை, மேல்துணியைத் தூக்கிக் கட்டும் வசதி, இரண்டும் இருக்கவேண்டும்.

தரையில் மெத்தை விரிப்பதைவிட மடக்குக் கட்டில் நல்லது. அடியில் காற்று ஓடும், தரை ஈரமானாலும் முதுகுக்குத் தெரியாது, அட்டை ஏறுவதும் குறையும். இலகுவான ரகம் ஒன்று மூன்று நான்கு கிலோதான். சின்ன யூஎஸ்பி விசிறி இரண்டு, ஒன்று தலைமாட்டில் வெளிக்காற்றை இழுக்க, ஒன்று கால்மாட்டில் தள்ள. உறைபோன்ற ஸ்லீப்பிங் பேக் வேண்டாம், பழைய பருத்திச் சேலை போதும். என் அம்மாவின் நூல்புடவை ஒன்று பதினைந்து வருடமாக என்னோடு வருகிறது, இதைவிடச் சரியான முகாம் போர்வை எனக்குத் தெரியாது. கேமரன் மலைக்குப் போனால் மட்டும் கதை வேறு, அங்கே பிள்ளைக்கு நிஜமான போர்வை எடுங்கள்.

அடுத்து மழை. பக்கவாட்டுப் பந்தல் வண்டியோடு ஒட்டியிருக்கும், அதனால் வண்டி நிற்கும் இடத்தில்தான் நிழல் கிடைக்கும். மூன்றுக்கு நான்கு மீட்டர் தார்ப்பாய் ஒன்று, இரண்டு கழி, எட்டு முளை, பதினைந்து மீட்டர் கயிறு. நான்கு கிலோவுக்குள் அடங்கும், பந்தலைவிடப் பெரிய இடம் தரும். ஆனால் கட்டத் தெரியவேண்டும். எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. கோத்தா திங்கி பக்கம் ஒரு முகாமில் தார்ப்பாயை மேசைவிரிப்பு மாதிரி நாலு மூலையும் ஒரே உயரத்தில் இழுத்துக் கட்டிவிட்டு, பார்க்க நன்றாக இருக்கிறது என்று உள்ளே போய்ப் படுத்தேன். இரவு இரண்டு மணிக்கு மழை. முதலில் சடசடவென்ற சத்தம், அப்புறம் சத்தம் மந்தமாகிவிட்டது. வெளியே வந்து டார்ச் அடித்தால் தார்ப்பாயின் நடுவில் ஒரு தொட்டி அளவுக்குத் தண்ணீர், துணி வயிறு தொங்கிக்கொண்டிருக்கிறது. அடியிலிருந்து கையால் தூக்கினேன், அத்தனையும் ஒரே பக்கமாகச் சரிந்து அடுப்புப் பெட்டிமேல் கொட்டியது. அந்த அழுத்தத்தில் ஒரு முளை பிடுங்கிக்கொண்டு கழியும் விழுந்தது. அன்றிலிருந்து ஒரு மூலையை மற்றவற்றைவிட ஒரு முழம் தாழ்த்தியே கட்டுவேன், அந்த மூலைக்கு அடியில் வாளி வைப்பேன். மழை பெய்தால் வாளி நிறையும், காலையில் பாத்திரம் கழுவ அந்தத் தண்ணீர் போதும். கூடாரத்துக்கு வரும் கயிற்றில் ஒரு சிறு நூல்துண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். கயிறு வழியாக ஊர்ந்து வரும் நீர் அந்த நூலில் இறங்கிவிடும், கூடாரச் சுவருக்கு வராது.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கிழக்குக் கரைப் பக்கம் போகவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு எந்தத் தார்ப்பாயும் பதில் சொல்லாது. எண்டாவ் ரொம்பின் பூங்காவையும் அந்த மாதங்களில் மூடிவிடுவார்கள்.

இனி மின்சாரம், ஃபிரிட்ஜ். இங்கேதான் அதிகம் பேர் அதிகம் செலவழித்து ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஐஸ் பெட்டியா, 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜா என்றால், இரண்டு இரவுக்கு நல்ல ஐஸ் பெட்டியும் போதும். பிள்ளை இருப்பதால் பால், முட்டை, மாவு எடுத்துப்போவீர்கள், அதனால் 35 லிட்டர் ஃபிரிட்ஜ் வாங்கினால் தப்பில்லை. உள்ளே சாமான் இல்லாமல் பதினைந்து கிலோ பக்கம் இருக்கும். ஜிம்னியின் பின் இருக்கை பாதிப்பாதியாக மடியும். ஒரு பாதியில் மகள், மடித்த பாதியில் ஃபிரிட்ஜ். ஓடும்போது அது சுமார் 45 வாட் இழுக்கும். 30 டிகிரி வெயிலில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் ஒரு நாளுக்கு 540 வாட்மணி. விசிறி இரண்டு ஒன்பது மணி நேரம் ஓடினால் 90. விளக்கு 40, கைபேசிகள் 40. மொத்தம் 700 சொச்சம்.

1,000 வாட்மணி கொள்ளளவுள்ள கையடக்க மின்பெட்டி ஒன்று இதற்கு ஏறக்குறைய ஒன்றேகால் நாள் தாங்கும். வழியில் வண்டியின் 12 வோல்ட் சாக்கெட்டில் போட்டால் மணிக்கு 100 வாட்மணி பக்கம் ஏறும், மெர்சிங் போய்ச் சேருவதற்குள் 250, 300 கிடைக்கும். வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரைக்கும் இழுத்துவிடலாம், நீங்கள் செய்யவேண்டியது ஃபிரிட்ஜை முந்தின இரவே வீட்டு மின்சாரத்தில் குளிரவைத்து, உள்ளே போகும் எல்லாவற்றையும் குளிர்ந்தபடியே வைத்து, இரண்டு தண்ணீர் போத்தலை உறையவைத்துப் போடுவது. சூடான சோடா டின் இருபதைக் காலையில் உள்ளே அடுக்கினால் எந்தப் பேட்டரியும் போதாது. சூரியத் தகடு? மெர்சிங் கடற்கரையில் நல்ல வெயில் நாளில் 100 வாட் தகடு 300, 400 வாட்மணி தரும். காட்டு நிழலில் ஒன்றும் தராது. முதல் வருடம் வேண்டாம்.

மின்பெட்டி வாங்கும்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையா என்று பாருங்கள். அது ஆயுளும் அதிகம், மற்ற லித்தியம் வகைகளைவிடச் சூட்டைத் தாங்கும். ஆனாலும் அதை வண்டியிலேயே விட்டுவைக்காதீர்கள். திறந்தவெளியில் நிற்கும் காரின் உள்ளே மதியம் 50 டிகிரி தாண்டும். வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் சார்ஜ் போடுங்கள், வாசற்கதவை மறிக்காத இடத்தில். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டில் வெளியேற ஒரே வாசல்தான் இருக்கிறது.

வண்டிச் சாக்கெட்டிலிருந்து பின்னால் ஃபிரிட்ஜுக்கு நேராக மெல்லிய நீட்டிப்பு வயர் போடும் தவறைச் செய்யாதீர்கள். நான் செய்தேன். முன் சாக்கெட்டில் 12.9 வோல்ட் இருந்தது, பின்னால் ஃபிரிட்ஜின் முனையில் அளந்தால் 11.2. தன் பேட்டரிக் காப்பு அமைப்பால் ஃபிரிட்ஜ் அணைந்துவிட்டது, ஓட்டிக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை. மெர்சிங்கில் பின்கதவைத் திறந்தபோது புளிப்பு வாசனைதான் முதலில் வந்தது. இட்லி மாவு பொங்கி, மூடியைத் தூக்கிக்கொண்டு, பெட்டி முழுக்க வழிந்து, போர்வை மடிப்புக்குள் வரை போயிருந்தது. சிவப்பு விளக்கு ஒன்று அமைதியாக மினுக்கிக்கொண்டிருந்தது. காரணம் எளிது. 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஐந்து மீட்டர் என்றால் போய்வர பத்து மீட்டர், அதில் 5 ஆம்பியர் போனால் 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். தளர்ந்த சிகரெட் பிளக் இன்னொரு பங்கைத் தின்னும். அதே தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் இழப்பு 0.15 வோல்ட்தான். நேரடி வயர் இழுப்பதாக இருந்தால் நல்ல மின்வேலைக்காரரிடம் கொடுங்கள், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கவேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஃபியூஸ் பேட்டரிப் பக்கம் இல்லாமல் ஃபிரிட்ஜ் பக்கம் இருந்தால், நடுவில் வயர் உரசி வெட்டுப்பட்டால் தீப்பிடிப்பதைத் தடுக்க எதுவும் இல்லை. மின்பெட்டி வைத்துக்கொண்டால் இந்த வேலையே வேண்டாம், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும், வயர் அரை மீட்டர்.

உங்கள் பட்டியலில் இல்லாதது டயரும் காற்றும், அதுதான் எனக்கு முதல் செலவு. ஜிம்னிக்கு 195/80 ஆர்15 அளவில், தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர் கிடைக்கும், அதே அளவில் வாங்குங்கள். பெரிய டயர் வெளியே துருத்தினால் சோதனையில் சிக்கல், எஞ்சினுக்கும் பாரம். சேற்றுக்கென்றே செய்த மட் டெரெய்ன் வேண்டாம், மழை நனைந்த தார்ச்சாலையில் பிடிப்புக் குறைவு, நீங்கள் ஓட்டுவதில் பெரும்பகுதி தார்ச்சாலைதான். டயரைவிட முக்கியம் காற்றை இறக்குவது. கதவு நிலையில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த எண்ணிலிருந்து மண்பாதையில் மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் டயர் தட்டையாகி மண்ணைப் பிடிக்கும், குலுக்கலும் பாதி குறையும். பிள்ளை பின்னால் வாந்தி எடுக்காமல் வருவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. மெதுவாக ஓட்டவேண்டும், தார்ச்சாலை ஏறுவதற்கு முன் திரும்ப ஏற்றவேண்டும். அதற்கு ஒரு காற்றுப் பம்பும் அழுத்தமானியும். இரண்டும் சேர்ந்து மூன்று நான்கு கிலோ.

மாட்டிக்கொண்டால் வெளியே வர மண்வெட்டி ஒன்று, சக்கரத்துக்கு அடியில் செருகும் நெகிழிப் பலகை ஒரு ஜோடி, தரச்சான்று உள்ள இழுவைக் கயிறு, அதை வண்டியில் மாட்டத் துணி ஷேக்கிள் வளையம் இரண்டு. பலகை பன்னிரண்டு முறையில் பத்து முறை போதும். கயிறு போடும்போது ஒன்றை மறக்காதீர்கள்: டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் ஒருபோதும் மாட்டக்கூடாது. அது முறிந்து குண்டு மாதிரிப் பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். வண்டியைக் கப்பலில் ஏற்றும்போது கட்டுவதற்கு வைத்திருக்கும் வளையத்திலும் மாட்டக்கூடாது. இழுக்கும் கொக்கி எது என்று வண்டியின் கையேட்டில் படம் இருக்கும், வீட்டிலேயே குனிந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது மனைவியும் மகளும் கயிற்றின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி நிற்கட்டும்.

பின்பக்கத்துக்கு இழுப்பறை வேண்டாம். 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் ஒரு தட்டு வெட்டிக்கொள்ளுங்கள், ஐந்து கிலோவுக்குள் வரும், மூலையை உருட்டித் தேய்த்து வார்னிஷ் அடித்துவிடுங்கள். கீழே தண்ணீரும் மின்பெட்டியும், மேலே சமையல் பெட்டி. கனமானது எல்லாம் கீழே, இருக்கை முதுகோடு ஒட்டி. எல்லாவற்றையும் ராட்செட் பட்டையால் இறுக்குங்கள். திடீர் பிரேக்கில் கட்டாத பெட்டி முன்னால்தான் வரும், முன்னால் இருப்பது உங்கள் மகளின் தலை. கூரையில் குறுக்குக் கம்பி இரண்டு மட்டும் போட்டு, கூடாரப் பை, நெகிழிப் பலகை, மடக்கு நாற்காலி என்று பெரிதாகவும் இலகுவாகவும் இருப்பதை ஏற்றுங்கள். முப்பது கிலோவைத் தாண்டாது, குறுக்குக் கம்பியும் கழற்றி வைக்கக்கூடியது.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்க மட்டும் மூன்று நான்கு லிட்டர். சமைக்க, கழுவச் சேர்த்து 30 லிட்டர் எடுங்கள், குழாய் வைத்த பத்து லிட்டர் கேன் மூன்றாக. பெரிய ஒரே கேனை மனைவியால் தூக்கமுடியாது, நீங்களும் மூன்றாம் நாள் தூக்கமாட்டீர்கள். சமையலுக்கு ஒற்றை கேஸ் டின் அடுப்பு போதும். கூடாரத்துக்குள்ளும் மூடிய காருக்குள்ளும் ஒருபோதும் பற்றவைக்காதீர்கள். எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் அதே காரணத்தால் கூடாது. பச்சைக் கறி மீனை இங்கிருந்து எடுத்துப்போகாதீர்கள். மெர்சிங் சந்தையில் அன்றைக்குப் பிடித்த மீன் கிடைக்கிறது. மசாலாவை இங்கே தேக்காச் சந்தையில் அரைத்து எடுத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

இப்போது என் கூட்டல். கூடாரம் 6, கட்டில் மூன்று 10, தார்ப்பாய் 4, ஃபிரிட்ஜ் சாமானோடு 30, மின்பெட்டி 13, தண்ணீர் 30, சமையல் பெட்டி 12, துணிமணி 15, காற்றுப் பம்பு 4, மீட்புச் சாமான் 12, கருவிப்பெட்டி 5, மேசை நாற்காலி 12. மொத்தம் 153. உங்கள் மூவரோடு 305. தட்டுப் பலகைக்கும் குறுக்குக் கம்பிக்கும் இடம் விட்டும் வரம்புக்குள் நிற்கிறது. சந்தேகமாக இருந்தால் குளியலறைத் தராசைக் கீழே கொண்டுபோய் ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்துப் பாருங்கள். நான் இன்னும் செய்கிறேன்.

எல்லை விஷயம் சுருக்கமாக. சிங்கப்பூர் வண்டிக்கு மலேசிய வாகன நுழைவு அனுமதி வில்லை கட்டாயம். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாமல் மாட்டினால் 300 ரிங்கிட் அபராதம். கிளம்பும்போது பெட்ரோல் தொட்டி முக்கால் பங்கு நிரம்பியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் உட்லண்ட்ஸ் அல்லது துவாஸ் சோதனைச்சாவடியில் திருப்பி அனுப்புவார்கள், 500 வெள்ளி வரை அபராதமும் உண்டு. அங்கே ரான் 95 ரகப் பெட்ரோல் நமக்குக் கிடையாது, 97 தான். ஜிம்னியின் தொட்டி 40 லிட்டர்தான், ஆனாலும் உபரி பெட்ரோல் கேன் வேண்டாம். எண்டாவ் ரொம்பின் போகும்போது கஹாங்கில் நிரப்பிக்கொண்டு உள்ளே போனால் போதும்.

எண்டாவ் ரொம்பினை இரண்டாம் வருடத்துக்கு வையுங்கள். கஹாங்கிலிருந்து கம்போங் பெத்தா வரை 50 கிலோமீட்டருக்கு மேல் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலை. காய்ந்திருந்தால் தூசி, நனைந்திருந்தால் சோப்பு. என் தாத்தா குளுவாங் பக்கத் தோட்டத்தில்தான் பால் மரம் வெட்டினார். அந்தச் சாலையில் மழைக்குப் பிறகு லோரிக்காரர்கள் எப்படி ஓட்டுவார்கள் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்: தடத்துக்குள் இறங்காமல், தடத்துக்கு நடுவிலிருக்கும் மேட்டில் ஒரு சக்கரம், ஓரத்தில் ஒரு சக்கரம். இன்றைக்கும் அதுதான் முறை. இரண்டு வண்டியாகப் போங்கள், ஒன்று இன்னொன்றை இழுக்கும். காட்டு எல்லையில் இருக்கும் கம்போங் பெத்தா ஜக்குன் ஓராங் அஸ்லி மக்களின் ஊர். அவர்களில் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டால் மகளுக்கு எந்த ஆப்பும் சொல்லித்தராத நூறு விஷயம் தெரியவரும்.

அதற்கெல்லாம் முன்னால் ஓர் ஒத்திகை. தேசிய பூங்காக் கழகத்திடம் அனுமதி எடுத்து ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலோ பாசிர் ரிஸ்ஸிலோ ஒரு சனிக்கிழமை இரவு தங்குங்கள். வண்டி கார் நிறுத்துமிடத்தில்தான் நிற்கும், சாமானைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும், பரவாயில்லை. அந்த நடையிலேயே எது அதிகம் என்று கைக்குத் தெரிந்துவிடும். எதையாவது மறந்திருந்தால் வீடு அரை மணி நேரத்தில் இருக்கிறது. கூடாரத்தை அன்றைக்கு இருட்டிய பிறகு ஒருமுறை பிரித்து மறுபடி கட்டிப் பாருங்கள், மகளிடம் டார்ச்சைக் கொடுத்து. மழைக்குள் இறங்கி முளை அடிக்கும்போது யார் எங்கே வெளிச்சம் காட்டுவது என்பது வீட்டில் பழகமுடியாத வேலை.

திரும்பி வந்த இரவு, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், கூடாரத்தைப் பையிலிருந்து எடுத்துக் குளியலறைக் கம்பியிலாவது விரித்துவிடுங்கள். ஈரத்தோடு இரண்டு நாள் மடித்து வைத்தால் பூஞ்சை புள்ளிபுள்ளியாக வந்துவிடும், அதை எதைக் கொண்டும் எடுக்க முடியாது.